நீலப் பென்சிலைக் கடித்தவர்

எங்கள் வீட்டில் அம்மா “அவர்” என்று சொன்னால் அது அப்பா இல்லை. போர்க்காலப் பிரதமர்.

“அவருக்குத் தூசி ஆகாது” என்றால் கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் துடைக்க வேண்டும். “இந்த மனுஷனுக்குத் தூசி ஆகாது” என்றால் அப்பா தும்மிக்கொண்டிருக்கிறார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அப்பா இதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. “என்ன இருந்தாலும் அவர் ஒரு போரையே ஜெயிச்சவர். நான் உங்கம்மாகிட்ட ஒரு சின்னச் சண்டை கூட ஜெயிச்சதில்லையே” என்பார்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவள். குரலை வைத்தே ஆளை எடை போடுகிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு பழைய இசைத்தட்டைப் போட, அதில் அந்தப் பிரதமர் நாட்டு மக்களிடம் பேசியதைக் கேட்டாள். அவ்வளவுதான், ஆள் காலி. அம்மா பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே அவர் காலமாகிவிட்டார் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கோட்டுப் பித்தான், விரிசல் விட்ட சாசர், குடைக் கைப்பிடி, செருப்புத் தைத்ததற்கான ரசீது, அவர் முகம் அச்சடித்த பிஸ்கட் டப்பா, மார்பளவுச் சிலை ஒன்று (மூக்கை அப்பா உடைத்து அப்பாவே ஒட்டியது) என்று மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் தடிமனான பதிவேட்டில் எண், பெயர், சான்று.

மாதத்தின் கடைசி ஞாயிறு சங்கம் கூடும். ஏழே உறுப்பினர்கள். புதிதாக யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்தால் அதைக் கறுப்புத் துணிமேல் வைப்பார்கள். எல்லாரும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு நிமிடம் வாய் திறக்காமல் பார்ப்பார்கள். பிறகு ஒரு மூடிய குவளைக்குள் பித்தான் போடுவார்கள். வெள்ளைப் பித்தான் என்றால் அசல். கறுப்பு என்றால் சந்தேகம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் பொருள் திரும்பிப் போக வேண்டியதுதான்.

சங்கத்துக்கு ஒரு நாற்காலி உண்டு. பிரதமரின் அலுவலகத்தில் இருந்தது, உயரமான முதுகு, தோல் மெத்தை. “அவர் கைபட்டவை” என்ற வகையில் யாரிடம் அதிகப் பொருள் இருக்கிறதோ அவர்தான் தலைவர், அவர்தான் அதில் உட்காரலாம். எங்கள் கூடத்தில்தான் அது கிடக்கிறது. பதினோரு வருடமாக அதை வாராவாரம் துடைப்பது செயலாளரான என் அம்மா. உட்காருவது தொப்பிக்காரர்.

தொப்பிக்காரர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பிரதமரின் தொப்பி அவரிடம் இருப்பதால் அந்தப் பெயர். கைபட்டவை அவரிடம் நான்கு, அம்மாவிடமும் நான்கு. சமமாக இருந்தால் உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டாம் என்பது விதி. விதியை எழுதியவரும் தொப்பிக்காரரே.

அந்த நான்கில் அவர் நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவது ஒரு நீலப் பென்சில். போர்க்காலப் பிரதமருக்குப் பென்சில் கடிக்கும் பழக்கம் இருந்தது. பெரிய உத்தரவு எதிலாவது கையெழுத்துப் போடுமுன் ஒரு நீலப் பென்சிலை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அவர் சிரிக்கும் படங்களில் மேல் வரிசையில் ஒரு பல் கோணலாகத் தெரியும். அந்தக் கோணல் பல்லின் தடம் உள்ள பென்சில் எங்கள் சங்கத்துக்குத் தெரிந்து இரண்டே இரண்டு. ஒன்று அருங்காட்சியகத்தில். இன்னொன்று தொப்பிக்காரர் வீட்டில்.

மூன்றாவது போன மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை எங்கள் வீட்டில் கிடைத்தது.

நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கத்தினாள். “அடியே! கையைக் கழுவிட்டு ஓடி வா! சோப்புப் போட்டுக் கழுவு! நல்லா துடைச்சிட்டு வா!”

மூன்று மாதத்துக்கு முன் ஏலத்தில் எடுத்த எழுதுமேஜையின் இழுப்பறைகள் தரையில் வரிசையாகக் கிடந்தன. மேஜை பிரதமரின் அந்தரங்கச் செயலாளருடையது. அப்பா டார்ச் லைட்டோடு மண்டியிட்டிருந்தார். அம்மாவின் வெள்ளைக் கையுறைக்கு நடுவே ஒரு நீலப் பென்சில்.

“மெழுகு பூசலாம்னு நடு இழுப்பறையை உருவினேன். பின்னாடி இடுக்குல இருந்தது. பாருடி, அதே கம்பெனி! எப்பவோ மூடிட்டாங்க அந்தக் கம்பெனியை. பல்லைப் பாரு! கோணல் பல்லு!”

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

ஏனென்றால் அந்தப் பல் எனக்குத் தெரியும்.

நான் ஒரு பல் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பல் செட் கட்டுகிறேன். மேலே டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பேன். ஆட்களைப் பார்ப்பதில்லை, அவர்கள் பற்களை மட்டுமே பார்க்கிறேன். ஒரு நாள் 4417 என்று எண் போட்ட அச்சு வந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் ஒருவருக்கு உறை செய்ய வேண்டும். மேல் வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் லேசாகத் திரும்பியிருந்தது. இடது கோரைப்பல்லின் நுனியில் அரைக் கடுகளவு சில்லு. எத்தனையோ வாய்களைப் பார்த்தவள் நான். ஆனாலும் அந்த வரிசையைப் பார்த்ததும் காரணமே இல்லாமல் சிரித்துவிட்டேன். உறை செய்து அனுப்பியபின் அச்சைக் குப்பையில் போட வேண்டும். போடவில்லை. என் மேஜையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, அந்த எழுதுமேஜையின் நடு இழுப்பறை சிக்குகிறது என்று அம்மா சரிசெய்ய ஆள் கூப்பிட்டாள். அவளுடைய கண்ணாடிப் பெட்டிகளைச் செய்துகொடுக்கும் படச்சட்டக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அதற்கு முன் சாமான்களைக் கடையிலேயே கொடுத்து வாங்குவாள், அதனால் நான் அவரைப் பார்த்ததில்லை. அன்று அவருக்குத் தேநீர் கொண்டுபோனேன். கப்பை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

“நீங்க நாலாயிரத்து நானூற்றுப் பதினேழா?” என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் காதல் அப்படித்தான் தொடங்கியது.

இப்போது அம்மாவின் கையில் இருந்த பென்சிலில் எட்டிப் பார்க்கும் முன்பல்லும் இருந்தது, அரைக் கடுகு சில்லும் இருந்தது. பிரதமர் அந்தப் பென்சிலைப் பார்த்ததே இல்லை. கடித்தது என் ஆள்.

“அம்மா...” என்று ஆரம்பித்தேன்.

“பேசாதே. மணி அடிக்குது” என்றாள் அம்மா. ஒரு தோளில் தொலைபேசியை இடுக்கியிருந்தாள். “ஹலோ, தலைவரா? உக்காந்திருக்கீங்களா? உக்காந்துக்குங்க. உக்கார்றது உங்களுக்குப் பழக்கம்தானே.”

அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. என் வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் மதியம் படச்சட்டக் கடைக்கு ஓடினேன். அவர் ஒரு சட்டத்தின் நான்கு மூலைக்கும் பசை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். காதுமேல் ஒரு நீலப் பென்சில், வாயில் ஒரு நீலப் பென்சில்.

“வாயில இருக்கிறதை எடுங்க முதல்ல!”

எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். எடுத்ததை மறுபடி வாயில் வைத்தார்.

“எங்கே கிடைச்சது இந்தப் பென்சில் எல்லாம்?”

“கடையை வாங்கினப்போ பரண்ல ஒரு பெட்டி கிடந்தது. பழைய சரக்கு. பன்னிரண்டு வருஷமா எடுக்கறேன், தீரவே மாட்டேங்குது. எங்கே வேலைக்குப் போனாலும் ஒண்ணை விட்டுட்டு வந்துடுவேன். ஊர்ல பாதி இழுப்பறையில என் பென்சில்தான் இருக்கும்.” பெருமையா வருத்தமா என்று தெரியாத முகத்தோடு சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் முடிந்ததும் அம்மாவிடம் எங்கள் கல்யாணப் பேச்சை எடுப்பதாக நாங்கள் முன்பே முடிவு செய்திருந்தோம். கூட்டம் முடிந்த மாலைகளில்தான் அம்மா யாரையும் மன்னிக்கக் கூடியவள். அவளுக்கு மன்னிப்பு லேசில் வராது. இரண்டு வருடத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்த எஞ்சினியர் ஒருவர், பிரதமரின் போர்முனை வரைபடத்தின்மேல் காபிக் கோப்பையை வைத்தார். காபி ஆறுவதற்குள் அவர் தெருவில் இருந்தார். “நம்ம பொருளை மதிக்கத் தெரியாதவன் நம்ம பொண்ணை என்னத்தை மதிப்பான்” என்பது அம்மாவின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அந்த எஞ்சினியர் கோப்பையை வைத்ததோடு சரி. இவர் பிரதமராகவே ஆகிவிட்டார்.

“வியாழக்கிழமை புதுக் கண்ணாடிப் பெட்டி கொண்டுவரணும். நானே நேர்ல சொல்லிடறேன்” என்றார்.

“என்னன்னு?”

“அம்மா, அது என் எச்சில்னு.”

“இவ்வளவு அழகா யாரும் பொண்ணு கேட்டிருக்க மாட்டாங்க” என்றேன்.

வியாழக்கிழமை அவர் வந்தார். நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய் மேஜைமுன் நிறுத்தினாள்.

“தம்பி, இதுக்குத் தனியா ஒரு பெட்டி பண்ணணும். உள்ளே நீல வெல்வெட். நல்லாப் பாருங்க, எவ்வளவு ஆழமாக் கடிச்சிருக்கார்! அன்னிக்கு அவர் மனசுல எவ்வளவு பாரம் இருந்திருந்தா இப்படிக் கடிச்சிருப்பார்!”

“அம்மா, அந்தப் பென்சில் வந்து...” அவர் கையை நீட்டினார்.

“தொட்டுடாதீங்க தம்பி! கைரேகை பட்டுடும்!”

அவர் கையை இழுத்துக்கொண்டார். தன் பென்சிலைத் தானே தள்ளி நின்று அளந்து, நீளம் குறித்துக்கொண்டு, நீல வெல்வெட் என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். படிக்கட்டில் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார். “என்னால முடியல. உங்கம்மா அதுக்கு ராத்திரி வணக்கம் சொல்லிட்டுத்தான் தூங்கறாங்களாம்.”

வெள்ளிக்கிழமை நான் முயன்றேன். “அம்மா, கோணல் பல் நிறையப் பேருக்கு இருக்கும்ல?” என்றேன். “இருக்கும். ஆனா நாட்டைக் காப்பாத்தின கோணல் பல் ஒண்ணுதான்” என்றாள். சனிக்கிழமை மறுபடி முயன்றேன். அவள் கண்ணாடிமுன் நின்று தலைமையுரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி நிலையத்துக் குரலில், ஒவ்வொரு எழுத்தும் மணியாக. நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

அப்பா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “யாரோட பல்லு?” என்றார், நிமிராமலே.

திடுக்கிட்டேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“டார்ச் பிடிச்சவன் நான்தானே. வெளிச்சம் பென்சில் மேல இருந்தது. நான் உன் மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருந்தேன். நம்ம ஃப்ரேம் தம்பியா?”

தலையை ஆட்டினேன்.

“நல்ல பையன். என் மூக்குக்கண்ணாடியைக் கூட ஒருதடவை ஒட்டிக் குடுத்தான்.” வெங்காயத்தை ஓரம் தள்ளினார். “இங்கே பாரும்மா. நாளைக்கு அவங்க ஏழு பேரும் அதை அசல்னு முடிவு பண்ணிட்டா, உங்கம்மா அந்த நாற்காலியில உக்காருவா. ஒருநாள் உண்மை தெரியும். அப்போ எழுந்திருக்க வேண்டி வரும். உக்காராம இருக்கிறதை அவ பதினோரு வருஷமாத் தாங்கிட்டா. உக்காந்து எழுந்திருக்கிறதைத் தாங்க மாட்டா.”

வெங்காயத்தை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். தொப்பிக்காரர், மருந்துக்கடை அக்கா, தபால்காரர், தையல்கடைக் கணவன் மனைவி, பூகோள ஆசிரியர். அம்மாவோடு ஏழு. படச்சட்டக்காரர் வெல்வெட் பெட்டியோடு சுவரோரம் நின்றார், முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல. அப்பா தேநீர்த் தட்டோடு வாசலில்.

கறுப்புத் துணிமேல் பென்சில். தொப்பிக்காரர் எழுந்து தன் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு வெள்ளிக் குழலை எடுத்தார். “சோதனைன்னா ஒழுங்கா செய்யணும். என்னோட பென்சிலைக் கொண்டு வந்திருக்கேன். எட்டு வருஷமா வெயிலே படாம வச்சிருந்தது. பக்கத்துல வச்சுப் பார்த்துடுவோம்.”

வைத்தார். பூதக்கண்ணாடியால் இதையும் அதையும் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆனது. மீசை இறங்கியது. பாவம், அவர் நாணயமான மனிதர். “ஒரே பல்” என்றார் கரகரத்த குரலில். “மயிரிழை வித்தியாசம் இல்ல. இது மட்டும் இன்னும் ஆழம். என்னோடது போர் அறிவிச்ச நாள்னா, இது போரை முடிச்ச நாளா இருக்கணும்.”

“ஐயோ, புல்லரிக்குது” என்றாள் மருந்துக்கடை அக்கா.

அம்மா நாற்காலியை ஒரே ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்தேன். அப்பாவும் கவனித்திருந்தார்.

“இனிமே பித்தான் போடலாம்” என்றார் தொப்பிக்காரர்.

“ஒரு நிமிஷம்!” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. “நான் உறுப்பினர் இல்ல. ஆனா பல்லு என் தொழில். அதனால சொல்றேன். இது பிரதமர் பல் இல்ல.”

“எப்படிச் சொல்றே?” பூகோள ஆசிரியர் சீறினார். “கோணல் இருக்கே!”

“கோணல் இருக்கு. ஆனா இந்தக் கோணல் எனக்குத் தெரிஞ்ச கோணல். மேல் முன்பல் வெளிப்பக்கமா லேசாத் திரும்பி இருக்கும். இடது கோரைப்பல் நுனியில ஒரு சில்லு. கீழ் வரிசையில நாலாவது பல் கொஞ்சம் குட்டை, அது சிரிச்சாத் தெரியாது, கொட்டாவி விட்டாத்தான் தெரியும். வலது பக்கத்தைவிட இடது பக்கம் தேய்மானம் ஜாஸ்தி, ஏன்னா தூக்கத்துல அந்தப் பக்கமாத்தான் கடிப்பார்...”

சொல்லச் சொல்ல என் காது சூடாகியது. ஒரு பெண் ஒரு வாயைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசினால் அது தொழில் மட்டும் இல்லை என்று ஏழு பேருக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது. தையல்கடை அம்மாள் கணவனை முழங்கையால் இடித்தாள்.

“சான்று?” என்றாள் அம்மா.

என் கைப்பையைத் திறந்தேன். மற்ற பெண்கள் காதலனின் படத்தை வைத்திருப்பார்கள். நான் சீப்பு, சாவிக்கொத்து, குடை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய பிளாஸ்டர் பல் அச்சை எடுத்துக் கறுப்புத் துணிமேல் வைத்தேன். அது ஏழு பேரையும் பார்த்து இளித்தது.

அம்மா புதுக் கையுறை மாட்டினாள். பென்சிலை எடுத்தாள். அச்சின் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே கொடுத்தாள். லேசாகத் திருப்பினாள்.

டக்.

பூட்டில் சாவி விழுந்ததுபோல் உட்கார்ந்தது. அம்மா கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் ஒரு அங்குலம் இறங்கியதைப் பார்த்தபோது, ஏன் வாயைத் திறந்தோம் என்று இருந்தது எனக்கு.

“யாரோட பல் இது?” என்றாள், அச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுவரோரத்தில் இருந்து ஒரு இருமல். “என்னோடதும்மா” என்றார் படச்சட்டக்காரர். “இழுப்பறை சரிபண்ண வந்தப்போ விட்டுட்டுப் போயிட்டேன். செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சிடுச்சு. வியாழக்கிழமை சொல்லத்தான் வந்தேன். நீங்க கைரேகை படும்னு சொன்னீங்களா... பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

“இழுப்பறை ரிப்பேருக்கு இவ்வளவு ஆழமாவா கடிப்பீங்க?” அம்மாவின் குரல் உடைந்த மாதிரியும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. “போரை முடிச்ச மாதிரி கடிச்சிருக்கீங்களே!”

அவர் என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வெல்வெட் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அப்போ பக்கத்து ரூம்ல உங்க பொண்ணு யார்கிட்டயோ போன்ல பேசிச் சிரிச்சிட்டிருந்தாங்க. நான் அவங்க மூஞ்சியைக் கூட அதுவரைக்கும் பார்த்ததில்ல. அந்தச் சிரிப்பு... எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வாயில பென்சில் இருந்தது.”

இது எனக்கும் புதுச் செய்தி. மூன்று மாதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, திருடன்.

அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். குரல் கேட்டு ஆளை எடை போடுகிற பார்வை. அவளும் ஒருநாள் முகம் பார்க்காத ஒரு குரலைக் கேட்டுத்தானே விழுந்தாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“விதிப்படி நடத்துவோம்” என்றாள், தொலைபேசி நிலையத்துக் குரலில். “இந்தப் பென்சிலைக் கடிச்சவர் இவர்தான்னு என் பொண்ணு சொல்றா. சான்றும் வச்சிருக்கா. அதுதான் இப்போ கேள்வி. எல்லாரும் பார்க்கட்டும். அப்புறம் பித்தான்.”

ஆறு பேரும் பூதக்கண்ணாடியோடு வரிசையில் நின்றார்கள். படச்சட்டக்காரர் ஒரு முக்காலி நுனியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். தையல்கடைக்காரர் நாடாவை எடுத்து அளந்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. தபால்காரர் “ஆ காட்டுங்க, இன்னும் பெருசா” என்றார். மருந்துக்கடை அக்கா “அந்தக் கீழ்ப்பல் உண்மையிலயே குட்டைடி!” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். கொட்டாவி ரகசியம் அம்பலமானதில் அவர் காதுவரை சிவந்தார்.

ஒவ்வொருவராகக் குவளையில் பித்தான் போட்டார்கள். பொருளுக்குச் சொந்தக்காரர் கடைசி. அம்மா கையை மூடியபடி குவளை அருகே நின்றாள். உள்ளங்கையில் எந்த நிறம் என்று யாருக்கும் தெரியாது. கறுப்பு விழுந்தால் பென்சிலோடு அவரும் திரும்பிப் போக வேண்டும். அப்பா தேநீர்த் தட்டை இறக்கிவைக்க மறந்து நின்றார். கோப்பைகள் மட்டும் கிணுகிணுத்தன.

அம்மா போட்டாள். குவளையைத் துணிமேல் கவிழ்த்தாள்.

ஏழும் வெள்ளை.

“ஒருமனதா முடிவாயிடுச்சு” என்றாள் அம்மா. பிறகு திரும்பினாள். “மாப்பிள்ளை, இப்போ வாயை மூடலாம். ஈ புகுந்துடப் போகுது.”

தம்பி மாப்பிள்ளையானதை அவர் புரிந்துகொள்ள ஐந்து வினாடி ஆனது. புரிந்ததும் சிரித்தார். முன்பல் எட்டிப் பார்த்தது. தையல்கடை அம்மாள் கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். அப்பா தட்டை எதன்மேலாவது வைக்க இடம் தேடி, போர்முனை வரைபடத்துக்கு அரை அடி தூரத்தில் சுதாரித்துக்கொண்டார்.

இத்தனை கூத்திலும் தொப்பிக்காரர் மட்டும் அசையாமல் இருந்தார். அவர் பார்வை துணிமேல் கிடந்த இரண்டு பென்சில்களின்மேல் இருந்தது. ஒரே பல், மயிரிழை வித்தியாசம் இல்லை என்று சற்றுமுன் சொன்னவர் அவர்தான்.

“தம்பி” என்றார் மெதுவாக. “பழைய சாமான் கடையில நீங்க எப்பவாவது வேலை செஞ்சிருக்கீங்களா? மணிக்கூண்டுக்குப் பின்னாடி...”

“ஆமாம் சார். எட்டு ஒன்பது வருஷம் முன்னாடி. மேஜை, அலமாரி எல்லாம் நான்தான் பார்த்துக் குடுப்பேன்.”

தொப்பிக்காரர் தன் வெள்ளிக் குழலை எடுத்து மூடினார், மறுபடி திறந்தார். “என்னோடதை... அதை எதுக்காகக் கடிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?” அவர் குரலில் இன்னும் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது.

படச்சட்டக்காரர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “அந்தக் கடையில மதியச் சாப்பாடு எப்பவுமே லேட்டு சார்.”

எட்டு வருடம் இந்தப் பென்சிலைக் கையில் ஏந்தி, போர் அறிவித்த நாளின் பாரம் பற்றிப் பேசியவர் தொப்பிக்காரர். ஒரு கணம் அவர் முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தவித்தது. பிறகு அவர் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பதறி அப்பா தேநீரை நீட்டினார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், கண்ணீர் வர.

“என்னோடதுக்குச் சாப்பாடு லேட்டு, உங்களோடதுக்குப் பொண்ணோட சிரிப்பு” என்றார் அம்மாவைப் பார்த்து. “இதுல கூட என்னை ஜெயிச்சிட்டீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கை அவரே சொன்னார். அவரிடம் கைபட்டவை இப்போது மூன்று. அம்மாவிடம் பழைய நான்கு. விதியை எழுதியவர் விதிப்படி எழுந்து, நாற்காலியின் முதுகைத் தட்டிக் காட்டினார்.

அம்மா உடனே உட்காரவில்லை. முதலில் முந்தானையால் ஒருமுறை துடைத்தாள், பழக்கதோஷம். பிறகு உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. அப்பா பிரதமர் முகம் போட்ட பிஸ்கட் டப்பாவை எடுத்து அவள் காலடியில் வைக்கப் போனார்.

“ஏங்க! அவர் மேலயா காலை வைப்பேன்?”

“அப்போ இந்த மனுஷன் முதுகு இருக்கு” என்றார் அப்பா.

ஒத்திகை பார்த்த தலைமையுரையை அம்மா பேசவில்லை. பதிவேட்டைக் கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன். மடியில் விரித்து, மையூற்றுப் பேனாவால் நிதானமாக எழுதினாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தோம், நானும் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழும்.

எண் 213. நீலப் பென்சில், ஒன்று. கடித்தவர்: எங்கள் மாப்பிள்ளை. சந்தர்ப்பம்: எங்கள் மகள் சிரித்தது. சான்று: பல் அச்சு, ஏழு வெள்ளைப் பித்தான்கள்.

எழுதி முடித்து மை காய ஊதினாள். பிறகு பக்கத்தில் நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயில் எங்கிருந்தோ ஒரு பென்சில் வந்திருந்தது.

“மாப்பிள்ளை, அதை இப்படிக் குடுங்க” என்று கையுறைக் கையை நீட்டினாள். “தேதியும் சொல்லுங்க.”